காரைக்குடியில் வாங்கிய ஜெர்மன் ஸ்டீரியோ ரேடியோகிராம்: நிகழ்வு ஆய்வு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கி, மதுரையில் வைத்துச் சரிசெய்த பெட்டி இது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் செய்தது. நீளம் 130 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். நடுவில் ரேடியோ, வலப்பக்கம் மூடிக்குள் ரெக்கார்டு சேஞ்சர் (இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே போட்டு ஓட்டும் கருவி), இரு ஓரங்களிலும் ஸ்பீக்கர்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும். மாடல் எண்ணைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. கிரண்டிக், டெலிஃபுங்கன், சாபா, நோர்ட்மெண்டே என்று முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும், அந்த ஆண்டுகளின் நடுத்தர விலைப் பெட்டிகள் உள்ளுக்குள் ஏறத்தாழ ஒரே அமைப்பு. இங்கே சொல்லும் கோளாறுகளும் அளவுகளும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்) ஏழு: எஃப்.எம். முகப்புக்கு இசிசி85, அலைமாற்றத்துக்கு இசிஎச்81, ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) பெருக்கத்துக்கு இபிஎஃப்89, ஆடியோவுக்கு இரு சேனலுக்கும் பொதுவாக ஒரு இசிசி83, சேனலுக்கு ஒரு இஎல்84 என்று இரண்டு, நிலையம் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை ஒளியில் காட்டும் மேஜிக் ஐ இஎம்84. ஏ.சி.யை மாற்றி டி.சி. தருவது செலினியம் தகடுகளால் ஆன பிரிட்ஜ். எஃப்.எம். பகுதி மோனோதான். ஜெர்மனியில் ஸ்டீரியோ ஒலிபரப்பே 1963இல்தான் தொடங்கியது. பெட்டியின் முகப்பில் ‘ஸ்டீரியோ’ என்று எழுதியிருப்பது இசைத்தட்டுக்காக மட்டும்.

இதை வாங்கும்போது கடையில் "பிளக்கில் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் சும்மா கிடந்த வால்வுப் பெட்டிக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் இரண்டே நிமிடத்தில் இஎல்84, செலினியம், பவர் டிரான்ஸ்ஃபார்மர் மூன்றும் ஆபத்துக்குள்ளாகும். முதல் இரண்டுக்கும் மாற்று கடையில் கிடைக்கும். மூன்றாவது கிடைக்காது, வைண்டிங் செய்யக் கொடுக்க வேண்டும். அதனால் பாடுகிறதா என்று பார்ப்பதைவிட, வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை வேறு: பின்பலகையைக் கழற்றி எல்லா வால்வும் இருக்கின்றனவா, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தார் உருகி வழிந்திருக்கிறதா, டயல் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா, எந்த வால்வின் உச்சியிலாவது வெள்ளி நிறப் பூச்சு பால்போல் வெளுத்திருக்கிறதா. வெளுத்திருந்தால் அதற்குள் காற்றுப் புகுந்துவிட்டது. வால்வு எண்கள் ‘யு’ எழுத்தில் தொடங்கினால் இன்னொரு எச்சரிக்கை: அவை பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மின்லைனோடு நேராக இணைந்த வகை, சேஸிஸிலேயே (எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டம்) கரண்ட் இருக்கும், எர்த் கொடுக்க முடியாது. ‘இ’ வரிசை வால்வும் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும் பெட்டியே வீட்டில் வைத்துப் பயன்படுத்தத் தோது.

அமெரிக்கக் கன்சோல் கையில் கிடைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 117 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டால் போதாது. அதன் சேஞ்சர் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். மோட்டார் புல்லியையே மாற்ற வேண்டும். ஜெர்மன் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

கரண்ட் கொடுக்கும் முன்

பின்பலகையைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஃபியூஸ். கண்ணாடி ஃபியூஸ் இருக்க வேண்டிய பிடிப்பில் முறுக்கிய செம்புக் கம்பி. இது ஒரு வரலாற்றுக் குறிப்பு: முன்பு யாரோ ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள், ஏன் போகிறது என்று பார்க்கவில்லை. செலினியத்தின் தகடுகளில் ஒரு மூலை கறுத்திருந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருந்திருக்க வேண்டும்.

அடுத்து வோல்ட்டேஜ் செலக்டர். 110, 127, 220, 240 என்று நான்கு நிலை, வைத்திருந்தது 220இல். மதுரையில் அந்தச் சுவரில் அளந்தது 238. 220 நிலையிலேயே விட்டால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.8 வோல்ட் போகும், டி.சி.யும் அதே விகிதத்தில் ஏறும். உடனே எதுவும் எரியாது, வால்வின் ஆயுள்தான் குறையும். செலக்டரை 240க்கு மாற்றினால் வேலை முடிந்தது. 240 நிலையே இல்லாத பெட்டிகளுக்கு ஒரு வழி உண்டு: 12 வோல்ட் 2 ஆம்பியர் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, அதன் பிரைமரியை மின்லைனில் கொடுத்து, செகண்டரியைப் பெட்டிக்குப் போகும் லைனோடு தொடராக, எதிர்த்திசையில் சேர்ப்பது. மீட்டரில் 226 காட்டினால் சரி. 250 காட்டினால் செகண்டரியின் இரு முனைகளையும் மாற்றிப் போட வேண்டும்.

பவர் கார்டின் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை வெட்டிவிட்டு, எர்த்தோடு மூன்று கம்பி கார்டு போட்டு, பச்சைக் கம்பியைச் சேஸிஸில் போல்ட் வைத்து இறுக்கியது. மின்லைனுக்குக் குறுக்கே இருந்த தார்க் கண்டன்சர் இடத்தில் எக்ஸ்2 வகை (மின்லைனுக்குக் குறுக்கே போடும் பாதுகாப்புக் கண்டன்சர்). லைனிலிருந்து சேஸிஸுக்கு இருந்ததை எடுத்துவிட்டு அப்படியே விட்டாயிற்று. அந்தக் கண்டன்சர் ஷார்ட் ஆனால் சேஸிஸ் முழுக்கக் கரண்ட். மீண்டும் போட வேண்டும் என்றால் லைனுக்கும் சேஸிஸுக்கும் இடையே போடுவதற்கென்றே செய்த ஒய்2 வகை மட்டுமே போடலாம். பிறகு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பிரைமரிக்கும் சேஸிஸுக்கும் இடையே அளந்தது: 60 மெகாஓம். 2 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை வெயிலிலோ 60 டிகிரி சூட்டிலோ ஒரு நாள் உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஏறாவிட்டால் அதைக் கைவிடுவதே நல்லது.

ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றியாயிற்று. ஆனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை லோடு இல்லாமல் விடக் கூடாது. இஎல்84 ஓடும்போது செகண்டரி திறந்து கிடந்தால் பிரைமரியில் வோல்ட்டேஜ் எகிறி, வைண்டிங்கின் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். சோதனைக்காலம் முழுக்கச் சேனலுக்கு ஒரு 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஸ்பீக்கர் இடத்தில் இருந்தது.

பவர் சப்ளை

செலினியத்தின் மேல் ‘பி250 சி125’ என்று அச்சிட்டிருந்தது. 250 வோல்ட் ஏ.சி. தாங்கும் பிரிட்ஜ், 125 மில்லி ஆம்பியர். வயதான செலினியத்துக்கு உள்தடை கூடும், வோல்ட்டேஜ் இறங்கும், சூடாகும். கடைசியில் எரியும்போது அழுகிய பூண்டு போல நாறும் புகை வரும். அந்தப் புகை நஞ்சு. வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். அது நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தகட்டை அடையாளத்துக்கு அதே இடத்தில் விட்டுவிட்டு, கம்பிகளைப் பிரித்து, பக்கத்தில் ஒரு டேக் ஸ்ட்ரிப்பில் (கம்பிகளைச் சால்டர் செய்யும் பட்டை) நான்கு 1என்4007 சிலிக்கன் டயோடு.

டயோடு மட்டும் போட்டால் வேலை முடிந்ததென்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். சிலிக்கனின் உள்தடை மிகக் குறைவு என்பதால் டி.சி. 20, 30 வோல்ட் கூடிவிடும். எனவே பிரிட்ஜுக்கும் முதல் ஃபில்டர் கண்டன்சருக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் தேவை. இந்தப் பெட்டியின் சர்க்யூட் படத்தில் முதல் ஃபில்டரில் 255 வோல்ட். 100 ஓம் போட்டபோது 271 வந்தது. 180 ஓம், 10 வாட் போட்டபோது 257. கணக்குப் போட்டு ஒரே தடவையில் பிடிக்க முயல்வதைவிட, இப்படி இரண்டு மூன்று மதிப்புகளை வைத்துப் பார்ப்பதே விரைவு. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும்; பிளாஸ்டிக் கம்பி எதையும் தொடாமல் நிறுத்த வேண்டும்.

ஃபில்டர் கேன் 50+50 மைக்ரோஃபாரட், 350 வோல்ட். அதையும் மேலே தோற்றத்துக்கு விட்டு, சேஸிஸுக்கு அடியில் 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி வகை இரண்டு. பழையதன் கம்பியைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதியதை இணைப்பது கெட்ட பழக்கம். கசிவு அப்படியே இருக்கும், சூடும் இருக்கும், கேன் ஒருநாள் வெடிக்கும். பெரிய மதிப்பு போட்டால் ஹம் இன்னும் குறையுமே என்று 220 மைக்ரோஃபாரட் போடுவதும் வேண்டாம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும் அடிவாங்கும்.

ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியர், ஸ்லோ வகை.

முதல் கரண்ட் சீரீஸ் பல்பு (மின்லைனில் பெட்டியோடு தொடராகச் சேர்த்த பல்பு) வழியாக. 60 வாட், பழைய இழை பல்பு. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது, அது கரண்டைக் கட்டுப்படுத்தாது. இழை பல்பு இப்போது எல்லாக் கடையிலும் இல்லை. கிடைக்கும்போது இரண்டு வாங்கி வைப்பது நல்லது. வால்வு எதுவும் இல்லாமல் பிளக்கில் போட்டதும் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தது. டிரான்ஸ்ஃபார்மர் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்திருந்தால் உள்ளே ஷார்ட்.

கண்டன்சர்கள், குறிப்பாக அந்த இரண்டு

பேப்பர் கண்டன்சர் மொத்தம் 23. பழுப்பு உறையில் நீளவாட்டில் வெடிப்பு விட்டவை பாதி. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று: 0.022 மைக்ரோஃபாரட் ஆறு, 0.01 ஐந்து, 0.047 நான்கு, 0.1 மூன்று, 4700 பிக்கோஃபாரட் ஐந்து. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரிக்குக் குறுக்கே இருக்கும் 4700 பிக்கோஃபாரட் இரண்டும் 1600 வோல்ட் வகை, மற்றதெல்லாம் 630 வோல்ட் ஃபிலிம். அந்த இரண்டு இடத்தில் 630 வோல்ட் போட்டால் சத்தமான பாட்டு ஒன்றிலேயே துளைத்துவிடும். இஎல்84 கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான் புறப்படும் முனை) 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டு. செராமிக், மைக்கா, ஒளி ஊடுருவும் ஸ்டைரோஃபிளெக்ஸ் ஆகிய மூன்று வகையையும் தொடவில்லை. அவை கெடுவது அரிது. ஸ்டைரோஃபிளெக்ஸ் பக்கத்தில் சால்டரிங் அயர்னைக் கொண்டுபோனாலே உருகும்.

ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாகப் போடுவது முக்கியம். மொத்தமாகக் கழற்றிவிட்டுப் பிறகு படம் பார்த்துப் போடலாம் என்று நினைத்தால், படத்துக்கும் பெட்டிக்கும் உள்ள சின்ன வேறுபாடுகளில் சிக்கிக்கொள்வோம்.

இந்த 23இல் உயிர்நிலையானவை இரண்டு: இசிசி83 ஆனோடிலிருந்து (சிக்னல் வெளிவரும் முனை) இஎல்84 கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே போகும் முனை) ஒலியை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுக்கும் கப்ளிங் கண்டன்சர்கள். அவற்றை மட்டும் கழற்றும் முன் ஒரு சோதனை. இரண்டு இஎல்84களையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, மற்ற வால்வுகளோடு ஆன் செய்து, காலி சாக்கெட்டின் 2ஆம் பின்னில் டி.சி. அளப்பது. அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். வலது சேனலில் 0.4 வோல்ட். இடதில் 6.1. (ஃபில்டரை 450 வோல்ட்டுக்கு மாற்றிய பின்பே இதைச் செய்யலாம், இஎல்84 இல்லாதபோது டி.சி. ஏறும், பழைய 350 வோல்ட் கேன் தாங்காது.)

6 வோல்ட்தானே என்று தோன்றும். கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோஓம். அதில் 6 வோல்ட் விழ வெறும் 13 மைக்ரோ ஆம்பியர் போதும். கண்டன்சரின் கசிவுத் தடை சில மெகாஓம் இருந்தாலே இந்த நிலை வந்துவிடும். சாதாரண மல்ட்டிமீட்டர் ஓம் அளவையில் இதைப் பிடிக்காது; மீட்டர் கொடுப்பது ஓரிரு வோல்ட், கசிவு வெளிப்படுவது நூறு வோல்ட்டுக்கு மேல். கண்டன்சரைத் தனியாகக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று திரும்பப் போடப்படும் கண்டன்சர்களால் போகும் இஎல்84கள் ஏராளம். இஎல்84க்குக் கிரிட் கேத்தோடைவிட ஏழு, எட்டு வோல்ட் கீழே இருக்க வேண்டும். அதில் ஆறு வோல்ட் மேலே தள்ளினால் வால்வு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கரண்ட் இழுக்கும். ஆனோடு 12 வாட் வரம்பைத் தாண்டும், தகடு சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுடும், பவர் சப்ளை முழுதும் தடுமாறும். செம்புக் கம்பி ஃபியூஸின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்கியிருக்கும்.

புதிய கப்ளிங் போட்டபின் இரு பின்னிலும் 0. வால்வுகளைச் செருகி, 180 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் அளந்ததில் இடது 7.5, வலது 7.3 வோல்ட், அதாவது சுமார் 41 மில்லி ஆம்பியர். ஆனால் இருபது நிமிடம் ஓடியதும் இடதில் கேத்தோடு மெல்ல ஏறி 8.6க்கு வந்தது, கிரிட்டில் 0.9 வோல்ட் தெரிந்தது. கண்டன்சர் புதிது. வால்வைப் பிடுங்கினால் கிரிட் பூஜ்யம், செருகி ஓடவிட்டால் மறுபடி ஏறுகிறது. அப்படியானால் குற்றவாளி வால்வுதான்: உள்ளே வாயு, அதனால் கிரிட் கரண்ட். இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டதும் கோளாறு வலது பக்கத்துக்குப் போனது; சந்தேகம் தீர்ந்தது. பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் ஒரு காலத்தில் செய்த இஎல்84 இன்றும் பழைய இருப்பில் கிடைக்கிறது. ரஷ்ய 6பி14பி-யும் நேராகப் பொருந்தும். ஜோடியாக மாற்றுவது நல்லது, கட்டாயமில்லை. சேனலுக்கு ஒரு வால்வு ஓடும் பெட்டியில் துல்லியப் பொருத்தம் தேவைப்படாது.

ஸ்டீரியோ பெட்டியைப் பழுது பார்ப்பதில் மோனோவுக்கு இல்லாத ஒரு வசதி இருப்பதை இங்கே கவனிக்கலாம். சர்க்யூட் படம் கிடைக்காவிட்டாலும், நல்ல சேனல் கெட்ட சேனலுக்குப் படம். இரண்டிலும் ஒரே புள்ளியில் அளந்து, வேறுபாடு எங்கே தொடங்குகிறதோ அங்கே நின்றால் போதும். வலது சேனல் ஒலி குறைவாகவும் தொண்டை கட்டியதுபோலவும் இருந்தது. இசிசி83இன் இரு ஆனோடுகளில் இடது 98 வோல்ட், வலது 61. இரண்டுக்கும் 220 கிலோஓம். வலதை ஒரு முனை தூக்கி அளந்தால் 390. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக வயதாக மேல்நோக்கியே போகும், 100 கிலோஓமுக்கு மேலுள்ளவைதான் அதிகம். 20 சதவீதத்துக்கு மேல் விலகிய ஏழு ரெசிஸ்டர்கள் மாறின. மற்றவை அப்படியே.

பட்டன்கள், வால்யூம்

முகப்பில் ஹார்மோனியக் கட்டைபோல் வரிசையாக இருக்கும் பட்டன்களின் வெள்ளித் தொடுமுனைகள் கறுத்திருந்தன. ஒன்றை அழுத்தினால் பாடும், விரலை எடுத்தால் ஒரு சேனல் நிற்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டித் தாள் துண்டை முனைகளுக்கிடையே விட்டு, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, துண்டை உருவி எடுக்க வேண்டும். தாள் கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை தொடர வேண்டும். உப்புத்தாள் போட்டால் வெள்ளிப்பூச்சு போய்விடும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இங்கே அடிப்பவர்கள் ஆறு மாதத்தில் திரும்ப வருவார்கள். எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டும். வால்யூம் கன்ட்ரோல் 1.3 மெகாஓம், நடுவில் இரண்டு கிளை இணைப்புகள் கொண்டது. இதற்கு மாற்று சந்தையில் இல்லை. காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு, முப்பது நாற்பது தடவை திருப்புதல், அதோடு கரகரப்பு நின்றது.

டயல் கண்ணாடியின் பின்புறத்தை எதைக்கொண்டும் துடைக்கக் கூடாது. எழுத்துகள் பின்பக்கம் அச்சிட்டவை, ஈரத்துணி பட்டாலே உரியும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டால் போதும். முன்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் துடைக்கலாம்.

ரேடியோ

எஃப்.எம். முதலிலேயே எடுத்தது. ஆனால் வாசலில் ஒரு பைக் போனாலும் படபடவென்று சத்தம். ரேஷியோ டிடெக்டரில் (எஃப்.எம். சிக்னலை ஒலியாக மாற்றும் பகுதி) இருக்கும் 4.7 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் உலர்ந்தால் வரும் நோய் இது. திடீர் ஏற்ற இறக்கங்களை விழுங்குவதுதான் அதன் வேலை. மாற்றியதும் நின்றது. இசிசி85 களைத்திருந்தது, இன்னொன்று போட்டதும் மேஜிக் ஐ-யின் இரு பச்சைப் பட்டைகள் இன்னும் நெருங்கின.

ஐ.எஃப். கேன்களின் மேல் துளையில் தெரியும் ஃபெரைட் திருகுகள் பக்கம் ஸ்குரூடிரைவர் போகவில்லை. தொழிற்சாலையில் மெழுகு வைத்து மூடியது அப்படியே இருந்தால், யாரும் தொடவில்லை என்று பொருள். 10.7 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். தானாக நகர்ந்துபோவதில்லை. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அதைத் திருகுபவர் கோரை உடைப்பார், அல்லது நன்றாக இருந்ததைக் கெடுப்பார்.

டயலில் எஃப்.எம். அளவு 87இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் வரை. பெட்டி செய்த காலத்தில் ஜெர்மனிக்கு அது போதும், இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பே 1977இல் சென்னையில்தான் தொடங்கியது. இன்று மதுரையில் வைத்தால், 98.3 டயலுக்குள் வருகிறது. கொடைக்கானல் பண்பலை 100.5. அளவு முடிந்த இடத்துக்கு அப்பால் முள் கொஞ்சம் நகர இடமிருக்கிறது, அந்தக் கடைசி மில்லிமீட்டரில் தெளிவாகக் கிடைக்கிறது. மதுரை வானொலியின் 103.3-ம் ஹலோ எஃப்.எம்.மின் 106.4-ம் எட்டாது. ஆஸிலேட்டர் ட்ரிம்மரை (எந்த அலைவரிசை பிடிபடும் என்பதைச் சரிசெய்யும் சிறு திருகு) தளர்த்தி அலைவரிசையை மேலே இழுக்கலாம் என்று பலர் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் டயலில் உள்ள எண்கள் பொய்யாகும், ஆண்டெனா சிக்னலை முதலில் வாங்கும் ஆர்.எஃப். பகுதி ஒத்துவராமல் இரு முனைகளிலும் உணர்திறன் குறையும். கொடைக்கானல் கிடைக்கும் பெட்டிக்கு அது வேண்டாத வேலை என்று விட்டாயிற்று. ஆண்டெனா சாக்கெட் 240 ஓம், இரட்டைக் கம்பி. கறுப்பு வெள்ளை டி.வி. காலத்து பேலன் (வட்டக் கேபிளை இரட்டைக் கம்பிக்குப் பொருத்தும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்று பரணில் கிடந்தால் ஆண்டெனா கேபிளை அதன் வழியாகக் கொடுக்கலாம்.

சேஞ்சர்

ஆட்டோமேட்டிக் சேஞ்சர்கள் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கிரீஸ். மூடிக்குள் தட்டைச் சுற்றிவிட்டால் சுற்றியது. ஆனால் ‘ஸ்டார்ட்’ அழுத்தினால் கை தூக்கியபடி நடுவழியில் நின்றது. அறுபது ஆண்டுகளில் கிரீஸ் கோந்தாகியிருந்தது. பலவந்தமாகத் தள்ளினால் துத்தநாக வார்ப்பு நெம்புகோல்கள் உடையும், அவற்றை ஒட்ட வழியில்லை. தட்டை எடுத்து, மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் வைத்துக் கழுவி, உலர்த்தி, மோட்டார், தட்டு அச்சுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, உரசும் தகடுகளுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் விரல் நுனியளவு. பாட்டு முடிந்ததை உணரும் ட்ரிப் நெம்புகோலுக்கு எண்ணெயே கூடாது. அது உலர்ந்தும் தளர்வாகவும் இருந்தால்தான் வேலை செய்யும். நல்ல எண்ணமாக ஒரு சொட்டு விட்டால் கடைசிப் பள்ளத்தில் முள் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மோட்டார் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் இட்லர் ரப்பர் சக்கரம் கெட்டியாகி, ஓரம் பளபளத்திருந்தது. 600 நம்பர் உப்புத்தாளால் மேல்பளபளப்பை மட்டும் எடுத்து, ஆல்கஹாலால் துடைத்தது. பெட்ரோலும் தின்னரும் ரப்பரை ஊதச் செய்யும். வேகத்தைச் சரிபார்க்க 33⅓க்கு 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் தாள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை மின்னும் நியான் இண்டிகேட்டர் வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் நிற்க வேண்டும். நல்ல எல்.இ.டி. பல்பு இப்படி மின்னுவதில்லை, அதில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முள்ளின் அசைவை மின்சிக்னலாக்கும் கார்ட்ரிட்ஜ் செத்திருந்தது. அது ரோஷெல் உப்புப் படிகம். நம் ஈரப்பதத்தில் உப்பு கரைந்து குழைந்துவிடும், எந்த வைத்தியமும் இல்லை. மாற்று, செராமிக் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ். காந்த வகையை வைக்க நினைப்பவர்கள் இரண்டு கணக்கைப் பார்க்க வேண்டும்: செராமிக் தருவது சில நூறு மில்லி வோல்ட், காந்த வகை ஐந்து, அதற்குத் தனி ப்ரீஆம்ப் வேண்டும். இந்தக் கனத்த கை, ஒன்றரை கிராமில் ஓடும் முள்ளுக்கு ஒத்துவராது. முள் அழுத்தம் 5 கிராமில் வைத்தது, அளந்தது நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில். எல்.பி.க்கும் 78 சுற்றுத் தட்டுக்கும் முள் வேறு வேறு, எல்.பி. முள்ளை 78இல் ஓட்டினால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் அடித்த பழைய தமிழ் 78கள் கையில் உள்ளவர்கள் கவனிக்க: அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பும் போதும், நடுவில் உள்ள லேபிள் நனையாமல்.

தட்டு ஓடும்போது மட்டும் வலது சேனலில் ஹம். ரேடியோவில் இல்லை. ஆக, கோளாறு கையிலிருந்து சேஸிஸ் வரையான வழியில்: கார்ட்ரிட்ஜ் கம்பிகள் சேரும் டேக்கில் வலது ஷீல்டு ஒடிந்திருந்தது. ஒரு சால்டர். கடைசியாக டெக்கைப் பிடித்திருக்கும் டிரான்ஸ்போர்ட் ஸ்குருக்களைத் தளர்த்த மறக்கக் கூடாது. இறுகியே இருந்தால் ஸ்பீக்கர் அதிர்வு முள்ளுக்கு ஏறி, வால்யூம் கூட்டினால் ஊளையிடும்.

ஸ்பீக்கரும் மரமும்

இடது வூஃபர் காகிதத்தில் விரல் நீளக் கிழிசல். மெல்லிய டிஷ்யூ தாளை இருபுறமும், தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒட்டினால் போதும். கெட்டியாகப் பூசினால் கோன் கனத்துப் போகும். ட்வீட்டருக்குப் போகும் பைபோலார் எலக்ட்ரோலிட்டிக் இரண்டும் மாறின. ஸ்பீக்கர்களைத் திரும்பக் கோத்ததும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு, இரு பக்கமும் கோன் ஒரே திசையில் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே போனால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது.

மேற்பூச்சு தடித்த பாலியெஸ்டர். நம் தச்சர்கள் போடும் அரக்குப் பாலிஷ் அதன்மேல் பிடிக்காது; உரித்துவிட்டு வேறு போடலாம் என்றால் அடியில் உள்ள வீனியர் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, உப்புத்தாளில் துளை விழும். பெயர்ந்த மூலைகளைத் தெளிவான சூப்பர் க்ளூவை அடுக்கடுக்காக விட்டு நிரப்பி, 1000, 2000, 3000 என்று நனைத்துத் தேய்த்து, காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பு ஏற்றியது. கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும், அது பரவாயில்லை. கீழ்ப்பலகையில் வண்டு துளைத்த பொடி இருந்தது. போரிக் அமிலம், போராக்ஸ் கரைசலைத் துளைகளில் ஊசியால் செலுத்தி, ஒரு வாரம் உலர விட்டது. பின்பலகை அட்டை கரையான் தின்று பாதி போயிருந்தது. புதிதாக வெட்டியபோது காற்றுத் துளைகளைப் பழைய எண்ணிக்கையிலேயே வைத்தது முக்கியம். இஎல்84 இரண்டும் விடும் சூடு அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

செலவில் பெரும்பங்கு கார்ட்ரிட்ஜுக்கும் மூன்று வால்வுக்கும். 23 கண்டன்சரும் சேர்ந்து அதில் சின்னப் பகுதி. இதைப் பார்த்த பிறகும் ‘முதலில் போட்டுப் பார்ப்போம், கண்டன்சர் பிறகு’ என்பவர்களுக்கு என்ன சொல்வது?

உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு புளூடூத் ஆம்ப்ளிஃபையர் போட்டுத் தரச் சொல்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யத் தேவையே இல்லை. பின்புறம் டேப் ரெக்கார்டருக்கான டி.ஐ.என். (DIN, ஜெர்மன் தர வகை) சாக்கெட் இருக்கிறது. புளூடூத் ரிசீவரின் இடது, வலது இரண்டையும் அதில் கொடுத்தால் இஎல்84 வழியாகவே பாடும். ரிசீவருக்கு மின்சாரம் தனி அடாப்டரில். ஹீட்டர் வைண்டிங்கிலிருந்து எடுக்கக் கூடாது.

ஒரு மணி நேரம் ஓடிய பின் அளவுகள்: ஹீட்டர் 6.3, முதல் ஃபில்டர் 256, கேத்தோடு இடது 7.4, வலது 7.3. டிரான்ஸ்ஃபார்மரில் கை வைத்தால் சூடு, ஆனால் வைத்திருக்க முடிகிறது. சரியாகாமல் நிற்பவை மூன்று. மேஜிக் ஐ-யின் பச்சை மங்கல். 470 கிலோஓம் ஆனோடு ரெசிஸ்டர் சரியாக இருக்கிறது, எனவே வால்வின் பாஸ்பரே தேய்ந்தது. இட்லர் இன்னும் லேசாகக் கடகடக்கிறது, புது ரப்பர் சுற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். மீடியம் வேவில் சுற்று வீடுகளின் எல்.இ.டி. டிரைவர்களும் இன்வெர்ட்டர்களும் போடும் இரைச்சலுக்கு மேல் எதுவும் எழவில்லை. இரவு மின்வெட்டு நேரத்தில், பெட்டியை யு.பி.எஸ்.ஸில் ஓட்டினால் அந்த யு.பி.எஸ்.ஸே இரைகிறது.